வெள்ளி இரவு அமுக்கினேன், செவ்வாய் வரை வரவில்லை

கேள்வி: சார், எங்களுக்கு நகரி பக்கம் ஏகாம்பரகுப்பம். வீட்டோடு நாலு தறி ஓட்டுகிறோம். ஏழு மாதமாக மாதம் 6,000 ரூபாய் போனிலேயே ஒரு ஈக்விட்டி மியூச்சுவல் ஃபண்டில் போட்டு வந்தேன். ஒவ்வொரு தடவையும் கண் மூடித் திறப்பதற்குள் கணக்கிலிருந்து பணம் போய்விடும். திருப்பதியில் படிக்கும் மகளுக்குக் கட்டணம் கட்ட வேண்டி வந்ததால், போன வெள்ளிக்கிழமை இரவு 9 மணிக்கு மொத்தத்தையும் எடுக்கக் கொடுத்தேன். அப்போது 46,300 என்று காட்டியது. இன்று செவ்வாய்க்கிழமை. இன்னும் வரவில்லை. திங்கள்தான் கடைசி நாள் என்பதால் பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கிக் கட்டினேன். போடும்போது ஒரு நொடி, எடுக்கும்போது நாலு நாளா? நம் பணத்தை வைத்து அவர்கள் வட்டி பார்க்கிறார்களா? இன்னொன்று. என் அண்ணன் மகன் வேறொரு டிரேடிங் ஆப்பில் 25,000 போட்டான். இப்போது 1,80,000 காட்டுகிறது. முதலில் 2,000 எடுத்துப் பார்த்தான், வந்தது. மொத்தத்தையும் எடுக்கப் போனால் 18 சதவீதம் ஜிஎஸ்டி முன்னால் கட்டு என்கிறார்கள். கட்டலாமா?

பதில்: அம்மா, இரண்டாவது கேள்விக்கு முதலில் ஒரே வரியில் பதில் சொல்லிவிடுகிறேன், அதற்குத்தான் அவசரம். கட்ட வேண்டாம், ஒரு ரூபாய்கூட. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். இதுவரை மட்டும் படித்துவிட்டு உங்கள் அண்ணனுக்குப் போன் போட்டாலும் சரி.

இனி உங்கள் விஷயம். உங்கள் பணம் பத்திரமாகத்தான் இருக்கிறது. இந்தப் பதில் உங்கள் கைக்கு வரும்போது அநேகமாகக் கணக்கில் ஏறியிருக்கும். ஆனாலும் கேள்வி நியாயமானது. முப்பது வருடம் வங்கியில் இருந்துவிட்டு இப்போது சித்தூரில் உட்கார்ந்து பணம் பற்றிய இந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இதையேதான் கேட்கிறார்கள்.

வெள்ளி இரவு நீங்கள் அந்தப் பொத்தானை அமுக்கியபோது, உண்டியலைத் திறந்து காசை எடுப்பதாக நினைத்தீர்கள். உண்மையில் நீங்கள் செய்தது விற்பனை. உங்கள் பணம் அங்கே பணமாக இல்லை. பல கம்பெனிப் பங்குகளின் சிறு சிறு துண்டாக, யூனிட்டாக இருக்கிறது. நம் ஊர் மாங்காய்க் கணக்காக நினைத்துக்கொள்ளுங்கள். தோப்பில் காய் தொங்குகிறது என்பதற்காகப் பையில் ரூபாய் இருக்கிறது என்று அர்த்தமில்லை. பறிக்க வேண்டும், வண்டி ஏற்ற வேண்டும், எடை போட வேண்டும், அன்றைய விலை தெரிய வேண்டும், அப்புறம்தான் பட்டுவாடா. ஜூன் மாதத்தில் சித்தூர் ஜூஸ் ஃபேக்டரி வாசலில் வண்டியோடு வரிசையில் நின்றவர்களுக்கு நான் இதைச் சொல்லவே வேண்டியதில்லை. பணம் எத்தனை நாளில் வந்தது என்று அவர்களே சொல்வார்கள்.

ஃபண்டில் விலை ஒரு நாளைக்கு ஒரு முறைதான் முடிவாகும். அதற்கு என்ஏவி என்று பெயர். ஈக்விட்டி ஃபண்டுக்கு மாலை 3 மணிக்குள் கொடுத்தால் அன்றைய விலை, தாண்டினால் அடுத்த வேலை நாளின் விலை. நீங்கள் கொடுத்தது வெள்ளி இரவு 9 மணி. சனியும் ஞாயிறும் சந்தை கிடையாது. ஆக உங்கள் யூனிட் விற்றது திங்கட்கிழமை விலைக்கு, அந்த விலையே திங்கள் இரவுதான் தெரியும். அங்கிருந்து எண்ண வேண்டும். 2023 பிப்ரவரி 1 முதல் ஈக்விட்டி ஃபண்டுகள் விற்ற நாளுக்கு இரண்டாவது வேலை நாளில் பணம் தருகின்றன. நடுவில் விடுமுறை இல்லை என்றால் புதன்கிழமை. நீங்கள் நாலு நாள் என்று எண்ணுவது அவர்கள் கணக்கில் ஒரே ஒரு நாள்தான். எனக்கே இதைச் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது, ஆனால் கணக்கு அப்படி. வெள்ளி மதியம் 2 மணிக்கு அமுக்கியிருந்தால் செவ்வாய்க்கிழமையே வந்திருக்கும்.

நடுவில் அந்த இரண்டு நாள் எதற்கு? ஃபண்டும் சந்தையில் பங்கை விற்கும்போது அதற்கு உடனே பணம் வராது, மறுநாள்தான் வரும். நம் நாட்டுச் சந்தை முழுவதும் இந்த மறுநாள் முறைக்கு வந்ததே 2023 ஜனவரியில்தான். அதற்கு முன் இரண்டு நாள். ஃபண்ட் கைக்கு வந்த பிறகு யாருக்கு எவ்வளவு என்று பிரித்து, கணக்கு எண் சரிபார்த்து, வங்கிக்கு அனுப்ப இன்னொரு நாள்.

இப்போது நீங்கள் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். பணம் போடும்போதும் இதே மாதிரி நேரம் ஆகத்தான் செய்கிறது. மாதா மாதம் 6,000 அனுப்பினீர்களே, அடுத்த நொடியே யூனிட் வந்ததா? இல்லை. உங்கள் வங்கிக் கணக்கில் 6,000 குறைந்ததை மட்டும்தான் அந்த நொடியில் பார்த்தீர்கள். அந்தப் பணம் ஃபண்டின் கணக்குக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் விலை போடுவார்கள். 2021 பிப்ரவரியிலிருந்து சின்னத் தொகைக்கும் அதுதான் விதி. வெள்ளி இரவு 9 மணிக்குப் பணம் போட்டிருந்தாலும் திங்கட்கிழமை விலைக்குத்தான் யூனிட் கிடைத்திருக்கும். ஆனால் அன்று நீங்கள் போனை வைத்துவிட்டுத் தறியைப் பார்க்கப் போய்விட்டீர்கள். யூனிட் எப்போது வந்தது என்று எட்டிப் பார்க்கவில்லை, அதை வைத்துக் கட்டணம் கட்ட வேண்டிய தேவையும் இல்லை. எடுக்கும்போதுதான் காத்திருக்கும் முறை உங்களுக்கு வருகிறது. அதனால்தான் ஒன்று ஓடுகிற மாதிரியும் இன்னொன்று நடக்கிற மாதிரியும் தெரிகிறது.

சரி, அப்படியென்றால் இரண்டு பக்கமும் ஒரே வேகமா? அதுவும் இல்லை. எடுக்கிற பக்கம் கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும், அது வேண்டுமென்றே அப்படி வைத்தது. கம்ப்யூட்டர் வராத காலத்து வங்கிக் கவுன்டரை உங்கள் மாமியார் பார்த்திருப்பார். பணம் கட்ட வந்தால் யார் கணக்கில் யார் வேண்டுமானாலும் கட்டலாம். சலானை நிரப்பு, காசைக் கொடு, முத்திரை வாங்கு, போ. அடையாளம் கேட்டதே இல்லை. எடுக்க வந்தால் பித்தளை டோக்கன் கொடுத்து பெஞ்சில் உட்கார வைப்போம். லெட்ஜரில் இருப்பு பார்க்க ஒருவர், கையெழுத்து அட்டையோடு ஒப்பிட ஒருவர், பாஸ் செய்ய ஒரு அதிகாரி, கடைசியில் கேஷியர். நாலு கை மாறித்தான் காசு வெளியே வரும்.

நான் வேலையில் சேர்ந்த புதிதில், ஒரே கிளையில் ஒரே பெயரும் ஒரே இனிஷியலும் கொண்ட இரண்டு பேர் கணக்கு வைத்திருந்தார்கள். ஒருமுறை ஒருவர் கட்டிய பணத்தை அடுத்தவர் கணக்கில் வரவு வைத்துவிட்டேன். மறுநாள் கண்டுபிடித்து மாற்றி எழுதினோம், யாருக்கும் நஷ்டமில்லை. அதே தவற்றை இன்னொரு நாள் பட்டுவாடாவில் செய்தேன். வாங்கிய ஆள் அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை. என் சம்பளத்தில் மூன்று மாதம் பிடித்தார்கள். உள்ளே வந்த பணத்தில் தவறு என்றால் பணம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, திருத்தலாம். வெளியே போன பணத்தில் தவறு என்றால் தெருவில்தான் தேட வேண்டும். இப்போது அந்த நாலு கைகளின் வேலையையும் கம்ப்யூட்டர் செய்கிறது, அவ்வளவுதான். உங்கள் போன் யாரோ ஒருவன் கையில் சிக்கி, அவன் எடுக்கக் கொடுத்திருந்தால்? பதிவான உங்கள் வங்கிக் கணக்கைத் தவிர வேறெங்கும் போகாது என்ற விதிதான் அப்போது உங்களைக் காப்பாற்றும்.

நம் எல்லைப் பக்கத்துக்கென்றே இரண்டு சிக்கல்கள் உண்டு. சென்னைக்காரர்களுக்கு இவ்வளவு இருக்காது. முதலாவது பெயர். தமிழர்கள் நாம் அப்பா பெயரின் முதலெழுத்தை இனிஷியலாக வைத்துக்கொள்கிறோம். இங்கே ஆந்திராவில் இண்டிபேரு, அதாவது குடும்பப் பெயர், முன்னால் வரும். ஆதாருக்கு எழுதினவர் ஒரு மாதிரி எழுதியிருப்பார், பான் கார்டில் இனிஷியலை விரித்து எழுதியிருப்பார்கள், வங்கியில் மூன்றாவது மாதிரி இருக்கும். ஏழுமலை என்ற பெயரையே பாருங்கள். திருப்பதி பக்கத்தில் இருந்துகொண்டு அந்தப் பெயர் இல்லாத தெரு உண்டா? தெலுங்கில் ழகரம் கிடையாது, லகரம் போட்டு எழுதுவார்கள். அதைப் பார்த்து ஆங்கிலத்தில் அடிப்பவர் எல் போடுவார். தமிழ்நாட்டுப் பள்ளிச் சான்றிதழில் இசட்டும் ஹெச்சும் இருக்கும். மனிதன் பார்த்தால் ஒரே ஆள்தான். கணக்கைச் சரிபார்க்க ஒரு ரூபாய் அனுப்பிப் பெயரை ஒப்பிடும் கம்ப்யூட்டருக்கு அது இரண்டு ஆள். பணம் போடும்போது இந்தப் பொருத்தம் பெரிதாகத் தெரியாமல் போய்விடுவதும் உண்டு. எடுக்கும் அன்றுதான் நிற்கும்.

இரண்டாவது சிக்கல், வங்கிகளே பெயர் மாறியது. ஆந்திரா பேங்க் 2020 ஏப்ரல் 1 அன்று யூனியன் பேங்கோடு இணைந்தது. சித்தூரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த சப்தகிரி கிராமீண பேங்க் 2025 மே 1 அன்று மற்ற கிராமிய வங்கிகளோடு சேர்ந்து ஆந்திரப் பிரதேச கிராமீண பேங்க் ஆனது. கேரள எல்லையில் இருப்பவர்களுக்கு 2017-லேயே ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர் விஷயத்தில் இந்த அனுபவம் ஆகிவிட்டது. பாஸ்புக்கில் பழைய ஐஎஃப்எஸ்சி கோடு, அதாவது வங்கிக் கிளையின் அடையாளக் குறி, இருக்கும். ஃபண்டில் அதையே கொடுத்து வைத்திருப்பார்கள். யுபிஐ வழியாகப் பணம் போக அந்தக் கோடைக் கையால் எழுத வேண்டியதில்லை, அதனால் வருடக்கணக்கில் யாருக்கும் சந்தேகம் வராது. திரும்பி வரும் பணம் மட்டும் பழைய முகவரியைத் தேடிப் போய்த் தட்டிவிட்டுத் திரும்பிவிடும். உங்கள் கணக்கு எந்த வங்கி என்று எழுதவில்லை. இந்த இரண்டில் ஒன்றானால் ஃபண்டில் பதிவாகியிருக்கும் கோடைப் பாஸ்புக்கின் புதுப் பக்கத்தோடு இன்றே ஒப்பிட்டுப் பாருங்கள்.

வங்கி நேரத்தைக் குறை சொல்ல இப்போது வழியில்லை. நான் வேலையில் இருந்த காலத்தில் வங்கிக்கு வங்கி பணம் அனுப்பும் நெஃப்ட் காலை 8 முதல் மாலை 7 வரைதான், ஞாயிறு கிடையாது. 2019 டிசம்பர் 16 முதல் இரவு பகல் எந்நேரமும் அரை மணிக்கு ஒரு தடவை ஓடுகிறது. தாமதம் இருப்பது சந்தையிலும் ஃபண்டிலும்தான், அவர்கள் விடுமுறை மும்பைக் காலண்டர்படி. மே 1 அங்கே மகாராஷ்டிர தினம், சந்தை மூடியிருக்கும். நம்மூரில் கடை திறந்திருக்கிறதே என்று அதை வைத்துக் கணக்குப் போடக் கூடாது.

அவர்கள் வட்டி பார்க்கிறார்களா என்று கேட்டீர்கள். தாமதிக்க அவர்களுக்கு இஷ்டமான அளவு இடமில்லை. பங்குச் சந்தையையும் ஃபண்டுகளையும் கண்காணிக்கும் செபி அமைப்பின் விதிப்படி அதிகபட்சம் மூன்று வேலை நாள். தாண்டினால் தாமதித்த நாட்களுக்கு வருடம் 15 சதவீத வட்டி உங்களுக்குத் தர வேண்டும். வியாழன் இரவு வரை வரவில்லை என்றால் கேளுங்கள், தயங்க வேண்டாம். ஃபண்டுகளின் கணக்கு வழக்கைப் பார்ப்பவை பெரும்பாலும் இரண்டே நிறுவனங்கள். காம்ஸ் சென்னையில், கேஃபின்டெக் ஹைதராபாத்தில். எல்லை ஊர்க்காரர்கள் நாம் நடுவில் உட்கார்ந்திருக்கிறோம்! உங்கள் ஃபண்ட் எதில் இருக்கிறது என்று ஸ்டேட்மென்ட்டின் அடியில் பார்த்து, ஃபோலியோ எண்ணோடு (ஃபண்டில் உங்கள் கணக்கு எண்) அவர்களுக்கு எழுதுங்கள். அதற்கும் அசையாவிட்டால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் போடலாம். ஃபண்ட் நிறுவனம் 21 நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.

வரும்போது சரியாக 46,300 இருக்காது, அதற்கும் தயாராக இருங்கள். நீங்கள் பார்த்த தொகை முந்தைய விலைக் கணக்கு. திங்கள் விலை கூடவோ குறையவோ இருந்திருக்கும். தவிர, ஒரு வருடம் ஆகும் முன் எடுத்தால் பல ஈக்விட்டி ஃபண்டுகள் 1 சதவீதம் எக்ஸிட் லோட், அதாவது சீக்கிரம் வெளியேறுவதற்கான கட்டணம், பிடிக்கும். உங்கள் தொகைக்குச் சுமார் 460 ரூபாய். ஒரு வருடத்துக்குள் வந்த லாபத்துக்கு 20 சதவீத வரி உண்டு, ஆனால் உங்கள் மொத்த வருமானம் அடிப்படை வரிவிலக்கு வரம்புக்குக் கீழே என்றால் கவலை இல்லை.

ஒன்றைக் கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். ஏழு மாதத்தில் கட்ட வேண்டிய கட்டணத்தை ஈக்விட்டி ஃபண்டில் போட்டிருக்கவே கூடாது. சந்தை சரிந்திருந்தால் 46,300 அல்ல, நீங்கள் போட்ட 42,000-ம் இருந்திருக்காது. அடுத்த வருடக் கட்டணத்துக்கு வங்கியில் மாதா மாதம் கட்டும் ஆர்டி போடுங்கள், அல்லது குறுகிய காலக் கடன் பத்திரங்களில் பணம் போடும் லிக்விட் ஃபண்ட் பாருங்கள். லிக்விட் ஃபண்டில் பணம் மறு வேலை நாளில் வந்துவிடும். சில ஃபண்டுகளில் உடனடியாக எடுக்கும் வசதியும் இருக்கிறது, ஒரு நாளைக்கு 50,000 அல்லது இருப்பில் 90 சதவீதம், எது குறைவோ அதுவரை. அதைக் கடைசி நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, கட்டணத் தேதிக்குப் பத்து நாள் முன்னால் பணத்தை வங்கிக்குக் கொண்டு வந்துவிடுங்கள்.

இனி உங்கள் அண்ணன் மகன். உங்களுக்கு நடந்தது தாமதம், அவனுக்கு நடப்பது வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரே ஒரு அடையாளம் போதும். தாமதிக்கிறவன் உங்களிடம் புதிதாக எதையும் கேட்க மாட்டான். வரியோ கட்டணமோ இருந்தால் உங்கள் பணத்திலிருந்தே கழித்துக்கொண்டு மீதியைத் தருவான். எக்ஸிட் லோடு உங்களிடம் தனியாகக் கேட்டார்களா? இல்லையே. உன் 1,80,000-ஐத் தருவதற்கு முதலில் நீ 32,400 அனுப்பு என்று எந்தத் தரகரும் எந்த வங்கியும் சொல்லாது. உள்ளே அவ்வளவு பணம் இருந்தால் அதிலேயே கழித்துக்கொள்ளலாமே? இல்லை, அதனால்தான் கேட்கிறார்கள். அந்த 1,80,000 திரையில் எழுதிய எண். அவன் அனுப்பிய 25,000 மட்டும்தான் நிஜமாக நடந்தது. முதலில் வந்த 2,000 தூண்டில் புழு. இப்போது 32,400 கட்டினால் நாளைக்கு சரிபார்ப்புக் கட்டணம் என்பார்கள், அடுத்து கணக்கு முடங்கிவிட்டது, திறக்க இன்னும் கட்டு என்பார்கள்.

பையன்களுக்கு இந்த விஷயத்தில் முன்பே ஒரு பாடம் நடந்தது, ஆனால் யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. ஆந்திராவில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ரம்மிக்கு 2020-லேயே தடை வந்துவிட்டது. அப்போது இங்கே ஆப் திறக்கவில்லை என்று பஸ் ஏறித் திருத்தணிக்குப் போய் ஆடிவிட்டு வந்த ஒருவன் என்னிடம் வந்தான். பணம் போடும்போது அவனை ஊர் கேட்கவில்லை, பெயர் கேட்கவில்லை. ஜெயித்த 11,000-ஐ எடுக்கப் போனபோது ஆதார் கேட்டது. ஆதாரில் ஆந்திர முகவரி. உங்கள் மாநிலத்துக்கு அனுமதி இல்லை என்று நிறுத்திவிட்டார்கள். இதை அவர்கள் முதல் நாளே கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு 2025 ஆகஸ்டில் மத்திய அரசே சட்டம் போட்டு நாடு முழுக்கத் தடை செய்துவிட்டது. அதன் பிறகும் அப்படி ஒரு ஆப் பணம் கேட்டால் உள்ளே போகவே வேண்டாம்.

டிரேடிங் ஆப் என்று வருவதைச் சோதிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. 2025 அக்டோபர் முதல், செபியில் பதிவான தரகர்களும் ஃபண்டுகளும் முதலீட்டாளரிடம் பணம் வாங்க 'வேலிட்' என்ற சொல் வரும் தனி யுபிஐ முகவரி வைத்திருக்கிறார்கள். உங்கள் அண்ணன் மகன் 25,000 அனுப்பிய முகவரியை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஏதோ ஒரு தனி ஆளின் பெயரோ சம்பந்தமே இல்லாத கடைப் பெயரோ இருந்தால் சந்தேகம் தீர்ந்தது.

இன்றே 1930 என்ற எண்ணுக்கு அவனைப் போன் செய்யச் சொல்லுங்கள். அது சைபர் மோசடிக்கான அரசு உதவி எண். ஆப்பை அழிப்பதற்கு முன் பணம் அனுப்பிய நாள், நேரம், யுபிஐ எண், பேச்சு எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளட்டும். பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்குள் சொன்னால்தான் நடுவில் எங்காவது நிறுத்த முடியும், நாள் போகப் போக வாய்ப்பு குறையும். முதலில் வந்த அந்த 2,000-ஐயும் புகாரில் மறைக்காமல் எழுதட்டும். அது இவனைப் போல ஏமாந்த இன்னொருவர் பணமாக இருக்கக்கூடும். அதைத் தேடி வரும் போலீஸ் அவன் கணக்கையும் முடக்கி வைக்கலாம். அப்படி நடந்தால், முன்பே சொல்லியிருப்பது அவனுக்கு உதவும்.